கல்யாணத்துக்குள் ஒரு காது

சீனப் பட எழுத்தைத் தோண்டுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. அன்யாங் நகரில் தடுக்கி விழுந்தால் இவர்களில் ஒருவர் மேல்தான் விழவேண்டும். காலையில் பூங்காவுக்குப் போய், நீளத் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து, நடைபாதைக் கல்லில் ஓர் எழுத்தை எழுதி, அது வெயிலில் காய்வதற்குள் நடக்க வந்த அப்பாவி ஒருவரை மடக்கி, மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் அது என்னவாக இருந்தது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பூங்கா இல்லையென்றால் உள்ளங்கை. அதுவும் உங்கள் உள்ளங்கை.

குடிநீர் வாரியத்தில் ஓய்வு பெற்ற ஷென் பாவ்தியனுக்கு இதில் தனிப்பிரிவு: காது. காது என்ற எழுத்து காதின் படம்தான். அதில் தகராறு இல்லை. பக்கத்தில் ஒரு கையைப் போட்டால் 'எடு'. ஏன்? அந்தக் காலத்து வீரன் செத்த எதிரியின் காதை அறுத்து எடுத்துப்போய் ராஜாவிடம் காட்டுவானாம். 'எடு'வுக்குக் கீழே ஒரு பெண்ணை உட்காரவைத்தால் பெண் எடுப்பது, அதாவது கல்யாணம். ஆகவே எல்லாக் கல்யாணத்துக்குள்ளும் ஓர் அறுத்த காது உண்டு என்பது அவர் கட்சி. மூன்று கல்யாண விருந்துகளில் இதை விளக்கியிருக்கிறார். நான்காவது அழைப்பு வரவில்லை.

இப்போது அவர் மகள் யாச்சிங்குக்கே நிச்சயம். ஆறு வரன் தட்டிப்போனபின் ஏழாவதாக அமைந்த பையன்.  மனைவி ஹுய்ச்சின் முதல் நாளே விருந்து நடக்கவிருந்த உணவகத்துக்குப் போய், பட்டியலில் இருந்த பன்றிக்காது வறுவலை அடிக்கச் சொன்னாள். பிறகு கணவரைப் பிடித்தாள்.

"என்னங்க, நாளைக்கு ஒரு நாள் அந்தக் காதை விட்டுடுங்க. உங்க பொண்ணோட வாழ்க்கை."

அவரும் தலையாட்டினார். ஆனால் மறுநாள் மதியம் மாப்பிள்ளையின் அப்பா மியாவ், தன் கையாலேயே சமைத்ததென்று ஒரு தட்டுப் பன்றிக்காதைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். ஷென்னின் முகம் சிவந்தது. ஹுய்ச்சின் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தாள். வாயில் மீனைத் திணித்தாள். அரைமணி நேரம் மனிதர் வாயே திறக்கவில்லை. முப்பத்தைந்து வருஷத்தில் அவரை அவளுக்கு இவ்வளவு பிடித்ததில்லை.

அப்போது மியாவ் மதுவில் விரலை நனைத்து, மேஜையில் ஓர் எழுத்தை எழுதினார்.

"சம்பந்தி, கல்யாணம்ங்கிற எழுத்துக்குள்ள ஒரு காது இருக்கு, தெரியுமா? வலது காது."

"இடது," என்றார் ஷென்.

அவ்வளவுதான். மியாவ் சாப்பிடும் குச்சிகளில் ஒன்றை வாளாகப் பிடித்து, மகனின் தலையை எதிரியின் தலையாக வைத்து விளக்கினார். ஷென் மாப்பிள்ளையின் மறுகாதைப் பிடித்து மறுத்தார். வலது காதுக்காரன் வீட்டுக்குப் பெண் தருவதில்லை என்றார் ஒருவர். இடது காதுக்காரன் வீட்டில் எடுப்பதாக இல்லை என்றார் மற்றவர். காதுகள் விடுபட்ட ஒரு கணத்தில் ஹுய்ச்சின் தன் கைப்பையிலிருந்து, கல்யாணப் பதிவுக்குக் கேட்கும் குடும்பப் பதிவேட்டை எடுத்து மகள் மடியில் போட்டாள்.

"பதிவு ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும்தான். ஓடுங்க."

பிள்ளை தன் வீட்டுப் பதிவேட்டைக் காலையிலேயே சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்திருந்தான். அவனும் இப்படி ஓர் அப்பாவோடு வளர்ந்தவன்தானே?

நாலேகாலுக்கு இரண்டு சிவப்புக் கல்யாணச் சான்றிதழ்களின் படம் ஹுய்ச்சினின் கைபேசிக்கு வந்தது. அவள் நிம்மதியாக ஒரு பன்றிக்காதை எடுத்து மென்றாள். சம்பந்திகள் இன்னும் போர்க்களத்திலேயே இருந்தார்கள்.

வாசகரே, நீங்கள் இந்த இனமில்லை என்றே நம்புகிறேன். ஆனால் நடுவே எங்கேயோ, வாளைப் பிடித்த கை வலது என்றால் அறுபடும் காது எது என்று ஒரு நொடி கணக்குப் போட்டீர்களே, அதை நான் கவனித்தேன். உங்கள் வீட்டுக் கல்யாணம் என்றைக்கு என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா?