ஆறு சிலிண்டருக்குப் பூக்கட்டினார் ஐயாதுரை

பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஐயாதுரை அன்று காலை ஒரு சபதத்தோடு எழுந்தார். வாங்கினால் ஆறு சிலிண்டர் ஜீப். இல்லையென்றால் ராஜபாளையம் முழுக்க நடைதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தரகரிடம் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று நின்றது. இன்ஜின் ஓடுவதே காதுக்குத் தெரியாது. எந்த ஏற்றத்தையும் மூச்சு வாங்காமல் ஏறும். மனைவி பரிபூரணத்துக்குச் சிலிண்டர் என்றால் அடுப்படியில் நிற்பது மட்டும்தான் தெரியும், பேசிச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

"மாந்தோப்புக்குப் போய்வர எதுக்குங்க ஆறு?" என்றாள் பரிபூரணம். "சேத்தூர்ல நாலு சிலிண்டர் டீசல் ஜீப்பு ஒண்ணு நிக்கி. குடிக்கிறதும் கம்மி. ரிப்பேர்னா நம்மூர்ப் பட்டறையிலயே சாமான் கெடைக்கும்."

ஐயாதுரைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏட்டி, இதெல்லாம் ஒனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான். ஒரு வாரமா தூக்கத்துல இதான பேச்சு?"

"நாலு சிலிண்டர் கடகடன்னு ஆடும்ட்டி. கொடலு கலங்கிரும்."

"ஆறு அம்புட்டுப் பெட்ரோலையும் குடிச்சிட்டு நடுரோட்டுல படுத்துக்கிடும். பொறவு தள்ளுறது யாரு, நானா?"

ஐயாதுரையின் பட்டாளத்து மூளை வேறு வழியில் ஓடியது.

"சரி, வம்பு வேண்டாம். அய்யனார்கிட்டயே பூக்கட்டிக் கேட்டுருவோம்."

பூக்கட்டுவது என்றால், ஒரு சிவப்புப் பூ, ஒரு வெள்ளைப் பூ, தனித்தனிப் பொட்டலம். பூசாரி குலுக்கி ஒன்றை எடுப்பார். எந்தப் பூ எதற்கு என்பதைச் சன்னதியில் வைத்துத்தான் சொல்வது அந்த வீட்டு வழக்கம். பொட்டலத்தை ஐயாதுரையே கட்டினார். இரண்டிலும் செவ்வரளி! ஆறுக்குச் சிவப்பு என்று சொல்லிவிட்டால் ஜீப் வாசலுக்கு வந்த மாதிரிதான். சாமியையே ஏமாற்றுகிறோமே என்று நெஞ்சு உதறியது. ஆறு சிலிண்டரை நினைத்ததும் உதறல் நின்றது.

மலைமேல் இருந்த அய்யனார் கோவிலில் பூசாரி தட்டை நீட்டினார். "எது எதுக்குன்னு சொல்லுங்க."

ஐயாதுரை தொண்டையைச் செருமுவதற்குள் பரிபூரணம் கண்ணை மூடிக் கணீரென்று சொன்னாள். "அய்யனாரப்பா, செவப்பு வந்தா நாலு சிலிண்டர், வெள்ளை வந்தா ஆறு!"

ஐயாதுரை பதறிப்போய்ப் பூசாரியிடம் திரும்பினார்.

"சாமி, அது... மாத்திச் சொல்லணும்..."

"சன்னதியில சொன்னது சொன்னதுதான்" என்றார் பூசாரி. "பொட்டலம் ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு? ஒமக்கு எதுக்குய்யா இம்புட்டு வேர்வை?"

பொட்டலம் பிரிந்தது. சிவப்பு.

"அடுத்ததையும் பிரிச்சுக் காட்டிருவோமா?" என்று கேட்டாள் பரிபூரணம், வெகு பணிவாக. ஐயாதுரை பாய்ந்து அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். அந்த இடத்தில் மானம் போகாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

மலை இறங்கும்போது ஐயாதுரை மெல்லக் கேட்டார். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பூப்பறிக்கப் போனீகளே, வெள்ளைப் பூவுக்கு நந்தியாவட்டைப் பக்கமே போகலையே."

"அப்பவே கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா வீட்டுல சண்டை. இப்ப சாமி உத்தரவு."

ஐயாதுரை நடையை எட்டிப் போட்டார். கொஞ்ச தூரம் போனதும் ஒரே ஒரு ஆறுதல் மிஞ்சியது. "எத்தனை சிலிண்டரா இருந்தா என்ன? ஓட்டப்போறது நான்தான."

பரிபூரணம் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அதையும் வார வெள்ளிக்கெழமை பூக்கட்டிக் கேட்டுருவோம். பொட்டலத்தை நான் கட்டுறேன்."