நடுவரின் அம்மாவுக்கு ஒருநாள் அடைக்கலம்

அகுவாஸ் நோவாஸ்,
வியாழக்கிழமை.

அன்புள்ள அண்ணன் ஓஸ்மாருக்கு,

தங்கை வால்திரேனி அன்புடன் எழுதுவது. நீயும் அண்ணியும் கம்பினாஸில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், ஜுசாரா, அம்மா மூவரும் சுகம். இந்தச் சுகம் ஞாயிறு மதியம் இரண்டு மணிவரை செல்லுபடியாகும்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். இது விரைவுத் தபாலில் உனக்குக் கிடைத்ததும், சனிக்கிழமையே பஸ் பிடித்து வந்து அம்மாவை உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. ஒரே ஒரு நாள். அவள் ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் இருக்கக் கூடாது. காரணத்தைப் படித்துவிட்டுச் சிரிக்காதே. நான் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர் அதாவுட்டோ பெண்பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லித்தருவதையும், உன் மருமகள் ஜுசாரா அந்த அணியில் மட்டை பிடிப்பதையும் முன்பே எழுதியிருந்தேன். எழுதாமல் விட்டது, நான் நடுவரானதை. வெட்கமாக இருந்தது. அதாவுட்டோ ஒருநாள் ஆசிரியர் அறைக்கு வந்து, "டீச்சர், சட்டப் புத்தகத்தை முழுசாப் படிச்ச ஒரே ஆள் நீங்கதான். மத்தவங்கல்லாம் படம் பாத்துட்டு மூடிட்டாங்க" என்றார். நான் பூகோளம்தானே நடத்துகிறேன் என்றேன். "அதுலயும் கோடுதானே? இதுலயும் கோடுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நடுவருக்கு வெள்ளைக் கோட்டு வேண்டுமென்று வேதியியல் ஆய்வகத்துக் கோட்டைக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு நடந்தபோது தடுப்பூசி என்று நினைத்து இரண்டு தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். ஒரு குழந்தை என்னைப் பார்த்ததும் அழுதது. அன்றைக்கு முதலில் அழுதது அது, கடைசியில் அழுதது நான்.

அன்று பக்கத்து மோரோ ஆல்ட்டோ ஊரோடு போட்டி. ரொட்டிக்கடை ஜெனிவால்டோவின் மகள் லுசினேட்டி பந்தை நன்றாகத்தான் அடித்தாள், ஓடினாள், எதிர்முனையிலிருந்து அவள் ஜோடியும் ஓடிவந்தாள், நடுவழியில் சந்தித்தார்கள், சந்தித்ததும் இருவரும் நின்று மட்டையோடு மட்டையை டொக்கென்று தட்டிவிட்டுச் சிரித்தார்கள். உனக்குப் புரிந்திருக்கும். நாம் தெருவில் இரண்டு காலி டப்பாவை வைத்து ஆடிய தாக்கோவில் அப்படித் தட்டினால்தானே ஓட்டம் கணக்கு! கிரிக்கெட்டில் அது கணக்கில்லை. அவர்கள் தட்டிச் சிரித்து முடிப்பதற்குள் பந்து வந்து குச்சியைச் சாய்த்துவிட்டது. நான் விரலைத் தூக்கினேன். அவ்வளவுதான். "மட்டையைத் தட்டினாங்களே, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று ஒருவன். "வெறும் விரலைக் காட்டினா ஆச்சா? கார்டு எங்க? மஞ்சளா, சிவப்பா?" என்று இன்னொருவன். ஜெனிவால்டோ, ஆட்டத்துக்கு ஆட்டம் அடிக்கிற மேளத்தோடு உள்ளேயே வந்துவிட்டான். "டீச்சர், எங்க தாத்தா காலத்துலேருந்து தட்டினா கணக்கு. இது எந்த நாட்டுச் சட்டம்?" என்றான். அவன் பின்னால் ஊரே உள்ளே வந்தது. ஆட்டம் அத்தோடு நின்றுபோனது. அன்றிலிருந்து அவன் எனக்கு அடி கருகிய சீஸ் உருண்டைகளாகப் பார்த்துப் பொறுக்கிப் போடுகிறான். நானும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வருகிறேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஆனால் இந்த ஊரில் நடுவரின் அம்மாவைத் திட்டிப் பாடாமல் எந்தப் பந்தாட்டமும் பார்த்ததாகக் கணக்கில்லையே! கால்பந்தில் அந்த அம்மா எங்கோ தூரத்து ஊரில், யாரும் பார்க்காத ஒருத்தியாக இருப்பாள். இந்த நடுவரின் அம்மா காப்பி ஃபிளாஸ்க்கும் குடையுமாக முதல் வரிசையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அன்று பாட்டுத் தொடங்கியபோது நல்லவேளையாகச் சோளப்பொரி வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்து, "எதுக்குடி எல்லாரும் பாடுறாங்க, கோல் விழுந்துச்சா?" என்றாள். "ஆமாம்மா, கோல்" என்றேன்.

இந்த ஞாயிறு அதே மோரோ ஆல்ட்டோவோடு மறுபடியும் போட்டி. கிரிக்கெட் கழகத்திலிருந்து ஒரு மேற்பார்வை அம்மாள் வருகிறார். ஆட்டம் சட்டப்படி, யாரும் உள்ளே புகாமல், கடைசிப் பந்துவரை நடந்தால் நம் ஊர் அணியைத் தேசியப் போட்டியில் சேர்ப்பார்களாம். இல்லையென்றால் இல்லை. ஜுசாராவுக்கு இதுதான் கடைசி வருடம், அடுத்த ஆண்டு வயது தாண்டிவிடும்.

இந்த விரலைப் பற்றி நிறைய யோசித்துவிட்டேன், அண்ணா. இருபது வருடமாகச் சிவப்பு மையால் பிள்ளைகளைப் பெயிலாக்கியிருக்கிறேன், தூக்கம் கெட்டதில்லை. அது மூடிய தாளுக்குள் நடக்கிறது. இது ஊர் நடுவே, வெயிலில் நடக்கிறது. அதைவிடப் பெரிய பயம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நேற்று சமையலறையில் நானும் ஜுசாராவும் எதிரெதிரே வந்தோம். அவள் நின்று, தன் கையிலிருந்த கரண்டியால் என் கரண்டியை டொக்கென்று தட்டிவிட்டுப் போனாள். தட்டியது அவளுக்கே தெரியவில்லை! ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இதைச் செய்தால் நான் என் மகளுக்கே விரலைத் தூக்க வேண்டும். தூக்கினால் ராத்திரி ஒரே மேசையில் எப்படிச் சாப்பிடுவது? தூக்காவிட்டால் அந்த நடுவர் கோட்டை எப்படிப் போட்டுக்கொள்வது? தூக்கினால் பாட்டு வரும், அம்மா கேட்பாள், குடையோடு உள்ளே இறங்குவாள். நம் இருவருக்கும் மட்டை தட்டச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே, என் பக்கமா பேசப்போகிறாள்? ஆட்டம் நின்றால் ஜுசாராவின் வருடமும் போய்விடும். அதனால்தான் கெஞ்சுகிறேன். பல்வலி என்றோ அண்ணிக்குத் துணை என்றோ எதையாவது சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடு.

அண்ணிக்கு என் அன்பு. அப்பரெசிடா மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். மிச்சம் இருந்தால் ஞாயிறு இரண்டு மணிக்குமேல் இந்தப் பக்கமும் ஒரு பார்வை பார்க்கட்டும்.

நடுங்கும் தங்கை,
வால்திரேனி

பி.கு.: வெள்ளிக்கிழமை திருவிழா என்று தபால் நிலையம் மூடியிருந்தது. கடிதம் என் பையிலேயே தங்கிவிட்டது. இன்று திங்கள். நேற்று ஆட்டத்தில் ஜுசாரா நன்றாக அடித்தாள், ஓடினாள், நடுவில் நின்றாள், டொக். விரலைத் தூக்கினேன். தூக்கிய விரலை நானே யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாட்டு ஆரம்பித்தது. அம்மா எழுந்தாள், நாற்காலியை மடக்கினாள், நேராக ஜெனிவால்டோ முன்னால் போய் விரித்து, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "நடுவரோட அம்மா நான்தான். பாடு தம்பி. காது கொஞ்சம் மந்தம், கிட்ட வந்து பாடு" என்றாள். "ஐயோ, உங்களை இல்லம்மா, சும்மா பொதுவா..." என்று இழுத்தான். "பொதுவா அவளுக்கு எத்தனை அம்மா? அவ அவுட் குடுத்தது தப்புத்தான். அதை நான் வீட்ல போய்க் கேட்டுக்கிறேன். நீ மேளத்தை அடி" என்றாள். ஒருவரும் உள்ளே இறங்கவில்லை. ஆட்டம் கடைசிப் பந்துவரை நடந்தது. தோற்றோம், ஆனால் தேசியப் போட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். ஜுசாரா நேற்று ராத்திரி தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்ச் சாப்பிட்டாள். இன்று காலை காப்பி கலக்கும்போது வந்து, தெரிந்தே, என் கரண்டியில் ஒரு தட்டுத் தட்டினாள்.

நீ வர வேண்டாம். கிறிஸ்துமஸுக்கும் யோசித்து வா. ஏனென்றால் பாட்டில்லாமல் ஆட்டம் பார்க்க இவர்களால் முடியவில்லை. ஐந்து நிமிடம் தவித்துவிட்டு, பாட்டில் 'நடுவரின் அம்மா' என்று வந்த இடத்தில் 'நடுவரின் அண்ணன்' என்று போட்டு, அதே மெட்டில் இரண்டு மணி நேரம் பாடினார்கள். அம்மா பாட்டின் இரண்டாவது அடிக்குக் கைகூடத் தட்டினாள்.