மாமனாருக்கு விழுந்த கைதட்டல்

"நான் சொல்றத ஒரு வார்த்தை விடாம அப்படியே சொல்லணும், புரியுதா?" என்றார் மாமனார், மேடைப் படியில் கால் வைத்தபடி.

"சரி மாமா" என்று மருமகள் அரை மனதாகப் பின்னாலேயே படியேறினாள்.

விஷயம் இதுதான். பக்கத்து நாட்டிலிருந்து வந்து சந்தையில் கடை போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள், இனி புதிதாக ஒருவரையும் சேர்க்கக் கூடாது என்று வியாபாரிகள் சங்கத்தில் ஒரு தீர்மானம். கொண்டு வந்தவர் சங்கத் தலைவரான மாமனார்தான், இரும்புக் கடைக்காரர். மனிதர் கெட்டவர் இல்லை. உள்ளூர்ப் பையன்கள் கடை கிடைக்காமல் அலைகிறார்களே என்ற கவலை அவருக்கு. நியாயமான கவலைதான்.

வந்தவர்களையும் கூப்பிட்டு வைத்துப் பேச வேண்டும் என்பது சங்கத்து விதி. ஆனால் அவர்களுக்கு இந்த ஊர் பாஷை தெரியாது. விலையைக்கூட விரலை நீட்டித்தான் சொல்வார்கள். மொழிபெயர்க்க வேண்டியவருக்கோ காய்ச்சல். அந்த நாட்டிலிருந்தே வாழ வந்த மருமகள் வீட்டில் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று மாமனார் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பாவம், அவருக்கு ஒன்று தெரியாது. மருமகளின் தம்பி கடிகாரம் பழுது பார்ப்பவன். இதே சந்தையில் கடை போட வேண்டும் என்று எல்லைக்கு அந்தப் பக்கம் பெட்டி கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். அதைச் சொல்ல அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை.

"நீங்க வந்து வந்து சந்தையில நடக்கவே வழியில்லாமப் போச்சு!" என்று மாமனார் முழங்கினார்.

முன்வரிசையில் அவள் ஊர்க்காரத் தையல்கார அம்மாள் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்வது?

"நீங்க வந்த பிறகுதான் சந்தை களைகட்டுதுன்னு ஐயா சொல்றார்" என்றாள் மருமகள் தன் பாஷையில்.

தையல்கார அம்மாள் கை தட்டினாள். பின்னாலேயே எல்லோரும் தட்டினார்கள்.

மாமனாருக்கு வாயெல்லாம் பல். அவருடைய பேச்சுக்கு உள்ளூர்க்காரர்கள் கொட்டாவிதான் விட்டிருக்கிறார்கள். உற்சாகத்தில் குரலை இன்னும் உயர்த்தினார்.

"ராத்திரி பகலா கடையத் திறந்து வச்சு எங்க வியாபாரத்தையே கெடுக்கறீங்க!"

"உங்க உழைப்பப் பாத்து நாங்க கத்துக்கணுமாம்."

இந்தத் தடவை யாரோ விசில் வேறு அடித்தார்கள். சங்கச் செயலாளருக்கு மூக்கில் வியர்த்தது.

"ஏம்மா, தலைவர் மூச்சு முட்டப் பேசறாரு, நீ ரெண்டே வார்த்தையில முடிச்சிடறியே?"

"எங்க பாஷையில எல்லாமே சுருக்கம் சார். சண்டை கூட சீக்கிரம் முடிஞ்சிடும்."

"என் மருமகய்யா!" என்று மாமனார் மைக்கிலேயே சொன்னார். சும்மா இருப்பாரா? "இவ்வளவு ஒத்துப்போறாங்களே, அவங்களையே கேட்டுடலாம்! இனிமே உங்க ஆளுங்க யாரும் இங்க வரக் கூடாது. சம்மதம்னா கை தூக்குங்க!"

மருமகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஐயா பேச்சு பிடிச்சவங்கல்லாம் கை தூக்குங்க" என்று உளறிவிட்டாள்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்கார அம்மாள் மெதுவாகக் கையைத் தூக்கினாள். பிறகு ஒவ்வொரு கையாக எழும்பியது. ஒரு கை பாக்கியில்லை.

"ஏகமனதா சம்மதம்!" என்றார் செயலாளர்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடிப்பாவி, தம்பியின் கடையைத் திறக்கும் முன்பே இழுத்து மூடிவிட்டாளே!

"மாமா, ஒரு தப்பு நடந்துபோச்சு..." என்று ஆரம்பித்தாள்.

மாமனார் காதில் விழவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"நான் இத்தனை திட்டியும் சிரிச்ச முகமா கை தூக்கறாங்கய்யா! நம்ம ஆளுங்ககிட்ட அஞ்சு நிமிஷம் பொறுன்னு சொன்னா நாற்காலி பறக்குது. இவங்களுக்கா கதவைச் சாத்தறது? தீர்மானத்த வாபஸ் வாங்கறேன். உள்ளூர்ப் பசங்களுக்கு இடமில்லன்னா என் பழைய கிடங்கு சும்மாதானே கிடக்கு, அங்க கடை போடட்டும்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. இப்படியும் ஒரு மாமனாரா என்று மருமகளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. தம்பி விஷயத்தை இன்றைக்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு மேடையிலிருந்து இறங்கினாள்.

தையல்கார அம்மாள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, துளிப் பிசிறில்லாமல், மாமனாரின் பாஷையிலேயே சொன்னாள்:

"பாஷை தெரியும்னு காட்டினா பேரம் பேசுவாங்களேன்னு இத்தனை வருஷம் வாயைத் தொறக்கல, உங்க மாமா சொன்னதும் புரிஞ்சுது, நீ மாத்திச் சொன்னதும் புரிஞ்சுது, ஆனா நம்ம பொண்ணு மேடையில நிக்கறப்ப அவ மானம் போக விட்டுடுவோமாம்மா?"