மாமனார் மீசையில் பத்தில் ஒரு பங்கு

புதிதாக ஒரு கருவி கையில் கிடைத்தவனைப் பெண் பார்க்க அழைத்துப் போகக் கூடாது. இதை எந்தச் சாஸ்திரத்திலும் எழுதி வைக்கவில்லை. நான் பட்ட பாட்டைப் பார்த்த பிறகாவது யாராவது எழுதிச் சேர்த்திருக்கலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோலாலம்பூரில், பால், நெய், சாராயம் எல்லாம் கலப்படமா என்று சோதிக்கும் ஒரு ரசாயனச் சாலையில் எனக்கு வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் "அனாலிசிஸ்" என்பேன். (பாட்டில் கழுவும் வேலை. நீண்ட பிரஷ் ஒன்றும் சோடா உப்பும் கொடுத்திருந்தார்கள்.) பிரிக்பீல்ட்ஸில் என் தாய்மாமன் வீட்டில் தங்கியிருந்தேன். மாமா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவர் வாயில் என் உத்தியோகம் இன்னும் இரண்டு படி உயர்ந்துவிடும். "நம்ம பையன் பாதி டாக்டர்லா. ஒரு சொட்டு குடுத்தாப் போதும், உள்ள என்ன இருக்குன்னு சொல்லிப்புடுவான்" என்று ஸ்டேஷன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அந்தச் சாலையில் வெள்ளைக்கார துரை செய்யும் சோதனைகளிலேயே எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது பால் சோதனை. லாக்டோமீட்டர் என்று ஒரு கண்ணாடிக் கருவி. அடியில் பாரம் வைத்த குமிழ், மேலே கோடு போட்ட மெல்லிய தண்டு. உயரமான கண்ணாடிக் குவளையில் பாலை ஊற்றி அதை மிதக்க விட வேண்டும். நல்ல பால் என்றால் 'சுத்தம்' என்ற கோடு வரை முழுகி நிற்கும். தண்ணீர் கலந்திருந்தால் அதற்கும் கீழே இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு தண்ணீர். தொட்டியடியில் பாட்டில் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்து இந்த வித்தையைக் கற்றுக்கொண்டேன். இதில் என்ன பெரிய கம்பசூத்திரம் இருக்கிறது, மிதக்கவிட்டுக் கோட்டைப் படிக்க வேண்டியதுதானே என்று எனக்கு ஒரே இளக்காரம்.

அப்போதுதான் செந்தூலில் ஒரு பெண் இருப்பதாக மாமா சொன்னார். பெயர் பாக்கியம். அப்பா முத்தையா, ரயில்வே பட்டறையில் சம்மட்டி பிடித்தவர். அதோடு வீட்டுக்குப் பின்னால் மாடு வைத்துப் பால் வியாபாரமும் செய்துவந்தார்.

பால் வியாபாரம் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சனி பிடித்தது. சனிக்கிழமை கழுவிய கையோடு லாக்டோமீட்டரையும் குவளையையும் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். (திருட்டு இல்லை. திங்கட்கிழமை திரும்பிப் போய்விட்டது.) பெண் வீட்டில் மற்ற மாப்பிள்ளைகள் பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்பார்கள், நாம் விஞ்ஞானத்தைக் காட்டி அசத்திவிடலாம் என்பது என் திட்டம்.

முத்தையாவைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது மீசைதான். மனிதர் அதற்குப் பின்னால் கொஞ்சம் தாமதமாகத் தெரிவார். இரண்டு பக்கமும் முறுக்கி, கன்னத்தைத் தாண்டிப் போய் நின்றது. எங்களை வரவேற்று உட்கார வைத்தார். கோணியில் மரத்தூள் போட்டுச் சுற்றி வந்த ஐஸ் கட்டியை உடைத்து, ஒரு பெரிய தகர வாளியில் போட்டு, அதற்குள் சர்பத்துக் குடத்தை இறக்கி வைத்திருந்தார்கள். எங்களுக்காக இவ்வளவு செலவா என்று மாமா பூரித்துப் போனார்.

காப்பி வந்தது. நான் ஒரு மிடறு குடித்துவிட்டு, கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டி, "பால் எந்த மாட்டுது?" என்றேன்.

"நம்ம மிஸ்ஸி பால்தான் தம்பி" என்றார் முத்தையா. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த வெள்ளைக்கார மிஸ்ஸி ஒருத்தி சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பசுவாம். அதனால் அந்தப் பெயர். "ஒரு சொட்டுத் தண்ணி கலந்ததில்ல. செந்தூல்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

"யாரையும் கேக்க வேணாம், இதைக் கேட்டாப் போதும்" என்று சொல்லி, நான் துண்டை அவிழ்த்தேன்.

அந்த வசனத்தை முந்தின நாளே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது.

முத்தையா உற்சாகமாகிவிட்டார். சமையலறைப் பாலைச் சோதித்தால் மரியாதை இல்லை என்று, எல்லோரையும் கொட்டகைக்கு அழைத்துப் போய், எங்கள் கண்முன்னாலேயே மிஸ்ஸியைக் கறந்தார். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து கூடிவிட்டார்கள். "இதுல தண்ணின்னு அந்தக் கண்ணாடி சொல்லிட்டா, இந்த மீசைய எடுத்துடுறேன்!" என்று அறிவித்தார். கூட்டம் கைதட்டியது.

நுரை பொங்கும் சூடான பாலைக் குவளையில் ஊற்றி, மீட்டரை மெதுவாக விட்டேன். அது சுத்தக் கோட்டைத் தாண்டி, நிதானமாக, அரைவிரல் கீழே இறங்கி நின்றது.

மூளை உள்ளவன் என்றால் அந்த இடத்தில் யோசித்திருப்பான். மடியிலிருந்து நேரே வந்த பாலில் தண்ணீர் எப்படி வரும்? நான் யோசிக்கவில்லை. குனிந்து படித்து, நிமிர்ந்து, துரையின் குரலில், "பத்துல ஒரு பங்கு தண்ணி" என்றேன்.

மிஸ்ஸி அசை போட்டுக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தது.

மாமா என் இடுப்பில் கிள்ளினார். "டேய், கறந்தத நாமளும் பாத்தோமேடா. தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

"மாடே கலந்திருக்கு மாமா" என்றேன். கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னது எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

முத்தையா என்னைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். "அப்ப கேஸ் என் மேலயா, மாட்டு மேலயா?"

"நியாயமாப் பாத்தா மிஸ்ஸி மேலதான்" என்றேன். அதோடு விட்டேனா? வெயில் காலத்தில் மாடு அதிகமாகத் தண்ணீர் குடித்தால் அது வயிற்றிலிருந்து வழி தவறிப் பாலுக்குள் போய்விடும் என்று ஒரு விளக்கமும் கொடுத்தேன். அந்த உடற்கூற்றை உலகத்தில் எந்த மாடும் இன்றுவரை கடைப்பிடிக்கவில்லை.

ஆனால் முத்தையா வாக்குத் தவறாத மனிதர். மாடு கலந்தாலும் மாடு அவர் மாடு. "சொன்னது சொன்னதுதான். கூப்பிடுங்கடா நாவிதரை!" என்று முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பாக்கியத்தின் அம்மா குவளையை மீட்டரோடு தூக்கிக்கொண்டு, "பால் திரிஞ்சு போகும், நல்ல காரியத்துக்குக் கறந்தத கொட்டக் கூடாது" என்று புலம்பியபடி உள்ளே போனார். போகிற போக்கில் என்னைப் பார்த்த பார்வையில் பால் அங்கேயே திரிந்திருக்க வேண்டும்.

நாவிதர் பக்கத்து வீட்டுக்காரர். பெட்டியோடு வந்து நின்று, "முழுசாவா அண்ணே?" என்று கேட்டார். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு நியாயஸ்தர் குரல் கொடுத்தார். "பத்துல ஒரு பங்குதானே தண்ணி? அப்ப மீசையிலயும் பத்துல ஒரு பங்குதானே எடுக்கணும்? அதுதானே கணக்கு?"

இது சரியா தப்பா என்று ஒரு பெரிய விவாதம் மூண்டது. பத்தில் ஒரு பங்கு என்றால் நீளத்திலா, அடர்த்தியிலா? ஒரு பக்கத்திலா, இரண்டு பக்கமும் சமமாகவா? கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான்தானே விஞ்ஞானி? பெண் பார்க்க வந்தவன், பெண்ணின் அப்பா மீசையை விரற்கடையால் அளந்துகொண்டு நின்றேன். அவர் மூச்சு என் கைமேல் அனலாக அடித்தது. இந்தச் சம்பந்தம் இனி இந்த ஜென்மத்தில் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாவிதர் இடது பக்க நுனியைப் பிடித்தார். கத்திரிக்கோல் ஒருமுறை 'கிறிச்' என்றது.

"அப்பா, நிறுத்துங்க!"

யாரும் கூப்பிடாமலே பாக்கியம் வெளியே வந்துவிட்டாள். தலையில் பூ, கையில் கண்ணாடிக் குவளை. குவளையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டியது. "இதப் பாருங்க. அம்மா கெட்டுப் போகாம இருக்கட்டும்னு சர்பத்து வாளியில வெச்சாங்க. இப்ப மேல ஏறி நிக்குது!"

எட்டிப் பார்த்தேன். மீட்டர் சுத்தக் கோட்டில் கம்பீரமாக நின்றது. சொல்லப்போனால் மயிரிழை மேலேயே நின்றது.

கூட்டத்தில் ஒருவர், "மாடு தண்ணிய வாபஸ் வாங்கிருச்சுலா" என்றார்.

ரசாயனச் சாலையில் தினமும் துரை பால் பாட்டில்களை ஐஸ் தொட்டியில் அமுக்கி வைப்பதும், உள்ளே ஒரு தெர்மாமீட்டரை விட்டு விட்டுப் பார்ப்பதும் கண்முன் வந்தது. அந்த ஐஸ் துரையின் எலுமிச்சம்பழ ஜூஸுக்கு என்றும், பால் சும்மா பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிறது என்றும் அத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சீமைக் குளிரில் கோடு போட்ட கருவி அது. பால் சூடாக இருந்தால் இளகி லேசாகிவிடும், கருவி கூடுதலாக முழுகும். நம் ஊர் வெக்கையிலும், அதுவும் மடிச்சூட்டிலும், அது சொல்வதெல்லாம் பொய்.

வாயை மூடிக்கொண்டு மாமாவோடு ஓடியிருக்கலாம். மாமா ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஆனால் அந்தப் பெண்ணை அப்போதுதான் முதல்முதலாக முழுசாகப் பார்த்தேன். ஈரக் கையோடு, அப்பாவின் மீசைக்காக அத்தனை பேர் முன்னால் வந்து நின்றவள். கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கட்ட முடியாதபடி எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகு.

"தப்பு என்னுதுங்க" என்றேன். துரையின் குரல் போய்விட்டது, என் குரல்தான் வந்தது. "பால் சுத்தம். மாடும் சுத்தம். சூட்டோட பாக்கக் கூடாது, எனக்குத் தெரியல. நான் அங்க பாட்டில் கழுவுறவன்."

மாமா செருப்பைக் கீழே போட்டுவிட்டார்.

முத்தையா எழுந்தார். இடது மீசை வலது மீசையைவிடக் குட்டையாக இருந்தது. "மாட்டு மேல கேஸ் போட்டவனுக்கு எம் பொண்ணா?" என்று கர்ஜித்தார். அதில் நியாயம் இருந்தது. நான் துண்டை எடுத்துக்கொண்டேன்.

"அப்பா" என்றாள் பாக்கியம். குவளை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. "சூட்டுல தப்பாச் சொல்லுது, ஆறின பிறகு சரியாச் சொல்லுது. தப்புன்னு தெரிஞ்சதும் அவரும் ஒத்துக்கிட்டாரு. நம்ம தெருவுல எத்தனை ஆம்பளைங்க ஆறின பிறகாச்சும் சரியாச் சொல்றாங்க?"

கூட்டத்திலிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஆண்கள் மிஸ்ஸியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கல்யாணம் நடந்தது. முத்தையா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மணமேடை ஏறுமுன் நான் மிஸ்ஸிக்கு மாலை போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். போட்டேன். அவள் மன்னித்தாளா தெரியாது, மாலையைத் தின்றுவிட்டாள். கல்யாணப் போட்டோவில் என் மாமனார் முகத்தை வலது பக்கமாகவே காட்டிக்கொண்டு நிற்பார். ஏன் என்று கேட்கும் பேரப் பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டில் நான்கு பேர் நான்கு விதமாகக் கதை சொல்வார்கள். நாலிலும் மடையன் நான்தான்.

அந்தக் கருவியை அதன்பிறகு முறையாகப் படித்துத் தேறி, பல வருஷம் அதே சாலையில் பால் சோதித்தேன். தொழிலில் என் கணக்கு பிசகியதில்லை. வீட்டில்தான் நிலைமை வேறு. சம்பந்தியோடு இனிப் பேச்சே இல்லை என்றோ, மூத்தவனை வீட்டைவிட்டு அனுப்பப்போகிறேன் என்றோ நான் எகிறிக் குதிக்கும்போது பாக்கியம் குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டாள். தன்பாட்டுக்குத் துணியை மடித்துவைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வந்து எதிரே உட்காருவாள்.

"என்னங்க, இப்ப என்ன காட்டுது?" என்பாள்.