கடைசிப் பாட்டும் ஒரு தாழ்ப்பாளும்

"திறடா! கதவைத் திறடா! பூட்டி வச்ச..."

காலிங்பெல் அடித்தது. பாடகன் ஹெட்போனைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தான். மெத்தை இல்லாத கட்டில், 'டங்' என்றது.

"எதிர்வீட்டுக்காரர்தான் மாமா. நேத்து மாதிரியே வந்துட்டார்" என்றான் மச்சினன். கிடாரும் அவன்தான், ஒலிப்பதிவும் அவன்தான்.

நேற்று எதிர்வீட்டுக்காரர் திறந்திருந்த கதவு வழியாக நேரே உள்ளே வந்து, பல்லவி நடுவில், "ஏம்ப்பா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டார். அது பதிவாகியும் விட்டது. அதனால்தான் இன்று உள்ளே தாழ்ப்பாள்.

அவர்களுடைய பங்க் ராக் குழுவின் முதல் ஆல்பம் 'பணிய மாட்டோம்'. ஒரே ஒரு பாட்டு பாக்கி. இன்றைக்குள் முடித்தாக வேண்டும்.

"அக்கா நாளைக்கு ஊர்லேருந்து வந்துடுவா, மாமா."

அவள் வந்தால், எதிரொலி வராமலிருக்கச் சுவரில் சாத்தியிருக்கும் மெத்தைகள் கட்டிலுக்குப் போய்விடும். குளியலறையில் இருக்கும் டிரம்ஸ் தெருவுக்குப் போய்விடும்.

"இன்னிக்குப் பாத்து இந்த டிரம்மர் லேட்டு. துரோகி! அவன்கிட்டதான் ஒரு சாவி இருக்கே, வரும்போது வரட்டும். நீ குரலைப் பதிவு பண்ணு."

மறுபடி பெல். பாடகன் ஸ்டூல் போட்டு ஏறி, ஒயரையே பிடுங்கிவிட்டான்.

"திறடா! கதவைத்..."

மச்சினனின் போன் அடித்தது.

"யாருன்னு பாக்காதே! அணை!"

இரண்டு போன்களும் அணைந்தன. இப்போது கதவைத் தட்டும் சத்தம். பாடகன் சுவரிலிருந்த மெத்தையை இழுத்துவந்து கதவில் சாத்தினான். மொட்டைச் சுவரில் அவன் குரல் எதிரொலித்தது. 'டக் டக்' என்றிருந்த தட்டல், 'தொம் தொம்' என்று முன்பைவிடக் கனமாகப் பதிவானது.

"திறடா! கதவைத் திறடா!" என்று அலறினான்.

"திறங்கடா! கதவைத் திறங்கடா!" என்று வெளியே ஒரு கரகரத்த குரல் அலறியது.

பாடகனுக்கு ரத்தம் கொதித்தது. "பாத்தியா, நக்கல்! உலகத்துல நடக்கிற அநியாயத்துக்கெல்லாம் தொண்டை கிழியக் கத்தறோம், இந்தாளு பாட்டுக்குப் பாட்டு நடத்தறார்!"

மச்சினன் பதிவை ஓட்டிக் கேட்டான். அவன் முகம் மாறியது.

"மாமா, கோவப்படாம கேளுங்க. மனுஷன் தாளம் தப்பாம தட்டறார். நம்ம டிரம்மரைவிட நல்லாவே இருக்கு. குரல்லயும் உங்களைவிட ஆத்திரம் ஜாஸ்தி."

"என்னைவிடவா?"

"இது நிஜமாவே கோவம் வந்தவன் குரல், மாமா."

பாடகனும் பதிவைக் கேட்டான். மனசு வலித்தது, ஆனால் காது ஒத்துக்கொண்டது. வெளியே சத்தமும் ஓய்ந்திருந்தது.

"சரி, அந்தத் துரோகி வேண்டாம். இவரையே சேத்துக்கலாம். கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வரேன்."

மெத்தையைத் தள்ளி, தாழ்ப்பாளை நீக்கி, கதவைத் திறந்தான். எதிர்வீட்டுக்காரர் தம் வாசலில், இரண்டு காதிலும் பஞ்சோடு நின்றிருந்தார்.

"சார், எங்க ஆல்பத்துக்கு நீங்கதான் டிரம்ஸ்! இவ்வளவு நேரம் தட்டின மாதிரியே தட்டினாப் போதும்!"

அவர் ஒரு காதுப் பஞ்சை எடுத்தார்.

"தட்டினது நானில்லப்பா, உங்க டிரம்மர். சாவியைப் போட்டுப் போட்டுப் பாத்துட்டு, 'கதவைத் திறன்னு பாடறவனுங்க சங்காத்தமே வேண்டாம்'னு இப்பத்தான் இறங்கிப் போனான்."