கறுப்புக் கோட்டும் மாநில சராசரியும்

கை மட்டும் இரண்டு விரல் கூடுதல் நீளம். மற்றபடி கோட்டு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. சலவைக் கடையில் இஸ்திரி போட்டுப் போட்டு 'மடிப்பு' என்றே பெயராகிப்போனவன், முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து கைகளை உள்பக்கமாகச் சுருட்டி விட்டுக்கொண்டான். கோட்டு அவனுடையது இல்லை. நேற்று அவன் வெளியே போயிருந்தபோது யாரோ சலவைக்குக் கொடுத்தது. நாற்காலியும் அவனுடையது இல்லை. முதலாளி வங்கிக்குப் போயிருந்தார்.

கட்டிக்கொள்ள நினைத்த பெண்ணிடம் தான் மேனேஜர் என்று சொல்லி வைத்திருந்தான். இன்று அவளுடைய அப்பா கடைக்கே வருகிறார்.

"கண்ணாடி போட்டிருப்பார். விடாம கேள்வி கேப்பார். ஆள் பிடிக்கலன்னா எழுந்து போயிட்டே இருப்பார்" என்று அவள் எச்சரித்திருந்தாள்.

முதலில் வந்தவர் ஒரு வாடிக்கையாளர். ரசீதை நீட்டினார். மடிப்பு வாங்கிப் பார்த்தான். அந்த ரசீதுக்கான கோட்டு அவன் முதுகில் இருந்தது.

"இஸ்திரில இருக்கு சார். பத்து நிமிஷம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

அடுத்து நுழைந்தவருக்குக் கண்ணாடி தடிமனாக இருந்தது. கக்கத்தில் ஒரு கோப்பு. வணக்கம் சொல்லி, தான் யார் என்றும் சொன்னார். பயத்தில் மடிப்பு எதையும் காதில் வாங்கவில்லை.

"வாரத்துக்கு எவ்வளவு சம்பளம்?"

உட்காருவதற்குள் கேள்வி. அவரேதான். மடிப்பு வாங்குவது ஆயிரத்து ஐந்நூறு. காலையில் ரேடியோவில், கடை, ஓட்டல் என்று தனியாரிடம் வேலை பார்ப்பவர்களின் மாநில சராசரி வாரம் மூவாயிரம் என்றார்கள். அதையே சொன்னான்.

கோப்புக்காரர் பேனாவை நிறுத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல சராசரி வாங்கற ஆளை இப்பத்தான் நேர்ல பாக்கறேன்."

மரியாதை இன்னும் கூடட்டும் என்று, தனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்கும் அதே சம்பளம்தான் என்றான் மடிப்பு. கோப்புக்காரர் உடனே பின்பக்கம் துவைத்துக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டு, மூவாயிரமா என்று கேட்டார். அக்கா ஈரக்கையோடு வந்து கோட்டைப் பார்த்தாள், கோப்பைப் பார்த்தாள்.

"மூவாயிரம்தான். ஆனா இழுத்தடிச்சுத்தான் தருவாங்க."

"என் கோட்டு என்னாச்சு?" என்றார் பெஞ்சுக்காரர்.

"அஞ்சு நிமிஷம் சார்."

அப்போதுதான் முதலாளி வந்தார். தன் நாற்காலியில் கோட்டு போட்ட ஒருவனைப் பார்த்து, பழக்கதோஷத்தில் கும்பிடப் போய், முகத்தைக் கண்டதும் கையை இறக்கினார். "எந்திரிடா."

கோப்புக்காரர் அடையாள அட்டையைக் காட்டினார். அரசாங்கச் சம்பளக் கணக்கெடுப்பு. பெண்ணின் அப்பா இன்னும் வரவேயில்லை. புளுகியது சர்க்காரிடம்.

"இவங்களுக்கு வாரம் மூவாயிரம் தர்றீங்களாமே?"

"மூவாயிரமா? நான் குடுக்கறது வெறும்..."

"சட்டப்படி குறைஞ்சபட்சமே ரெண்டாயிரம். அதுக்குக் கீழன்னா வேற அதிகாரி வருவார்" என்று கோப்புக்காரர் சாவகாசமாகப் பக்கத்தைப் புரட்டினார்.

சும்மா சொன்னேன் என்று மடிப்பு இப்போதும் காலில் விழலாம். விழுந்தாலும் வேலை போய்விடும், பின்னாலேயே பெண்ணும் போய்விடுவாள். நின்றபடியே செத்தால் என்ன என்று தோன்றியது.

"இன்னிக்குச் சம்பள நாள் முதலாளி" என்றான். "எனக்கு மூவாயிரம். அக்காவுக்கும்."

"அப்ப நானும் இருந்து, பாத்துட்டே எழுதிக்கறேன்" என்றார் கோப்புக்காரர்.

முதலாளி கல்லாவைத் திறந்தார். மயக்க மருந்து இல்லாமல் பல் பிடுங்குவதுபோல ஒவ்வொரு நோட்டாக வெளியே வந்தது.

"என் கோட்டு?" என்றார் பெஞ்சுக்காரர். யாரும் திரும்பவில்லை.

கோப்புக்காரர் கிளம்பும்போது அடுத்த மாதமும் வருவதாகச் சொன்னார். சராசரி இறங்கினால் மேலிடத்தில் காரணம் கேட்பார்களாம். முதலாளி மாத்திரை தேடி உள்ளே போனார். அக்கா பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, பாட்டு ஒன்றை முனகியபடி துவைக்கப் போனாள்.

மடிப்பு வாழ்க்கையில் முதல்முறையாக மூவாயிரத்தை மடித்து, கோட்டின் உள்பைக்குள் திணித்தான். பெஞ்சுக்காரர் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"அது என் பை மாப்பிள்ளை, பணத்தை உங்க சட்டையில வச்சுக்குங்க, கோட்டு கல்யாணத்தன்னிக்கு எனக்கு வேணும்."