தொம்மை எழுந்து நின்ற படம்

மூக்கு எழும்பிவிட்டது. ஆனால் அதன் நிழல் மீசையாகிவிட்டது. ஆன்டனிக்கு வந்த முதல் தலைவலி அதுதான்.

“எங்கப்பாவுக்கு ஏதுண்ணா மீசை?” என்றாள் லூசியா.

விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் இருந்த அந்த டிஜிட்டல் ஸ்டுடியோவில் ஆன்டனி சேர்ந்து இருபது நாள்தான் ஆகிறது. 3டி தெரியுமா என்று முதலாளி அன்புச்செல்வன் கேட்டபோது, போட்டோஷாப்பில் பாஸ்போர்ட் படத்துக்கு நீலப் பின்னணி போடுவதைத் தவிர வேறெதுவும் அறியாத நம் ஆள் கூசாமல் தலையாட்டிவிட்டான். முதலாளி அதை நம்பி, எந்தப் படத்தையும் 3டி ஆக்கித் தருவோம் என்று வாசலில் போர்டே வைத்துவிட்டார்.

அதைப் பார்த்துத்தான் காணையிலிருந்து லூசியா வந்தாள். கூடவே அவள் அம்மா லூர்து மேரி. அப்பா தொம்மை இறந்து வருஷம் ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை நினைவுப் பூசை. வாக்காளர் அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் அப்பளம் மாதிரி தட்டை. அப்பா உயிரோடு எதிரே நிற்பதுபோல வேண்டும், அம்மா பார்த்துச் சரி என்றால்தான் பிரிண்ட் என்று லூசியா கறாராகச் சொல்லிவிட்டாள்.

இந்த ஆர்டர் போனால் வேலையும் போகும். திண்டிவனத்தில் மச்சான் கடைக்கே திரும்பிப்போய் லேமினேஷன் போட வேண்டியதுதான். 

மீசையை அழித்தான். கன்னத்தை உப்பவைத்து, நெற்றியில் வெளிச்சம் போட்டான். லூசியாவுக்குப் பிடித்துவிட்டது. லூர்து மேரி ஒரே ஒரு பார்வைதான் பார்த்தார்.

“அவுரு மாரி இல்லியேப்பா.”

மறுநாள் முதுகுக்குப் பின்னால் நிழல் விழவைத்தான். தொம்மை சுவரைவிட்டு அரையடி முன்னால் வந்து நின்றார். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் திரையைப் பார்த்து வணக்கமே வைத்துவிட்டார். லூர்து மேரி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர் மாதிரி இல்லை என்றார்.

முதலாளி பொறுமை இழந்தார். “என்னடா பேஜாரு பண்ணிக்கினு இருக்க? நாளைக்கு அந்தம்மா வாயால சரின்னு வரல, நீ திண்டிவனம் பஸ் ஏறிடு.”

அவ்வளவுதான், ஆன்டனிக்கு வெறி பிடித்துவிட்டது. படத்தைச் சுற்றி ஒரு பிரேம் வரைந்து, தொம்மையின் தோளை அதற்கு வெளியே இழுத்தான். யாருடைய கல்யாண ஆல்பத்திலிருந்தோ ஒரு கையைக் கடன் வாங்கி ஒட்டினான். அந்தக் கை யாரையோ அதட்டியபடி விரலை நீட்டிக்கொண்டிருந்தது. நீட்டட்டுமே, முன்னால் வந்தால் சரி. கண்ணில் பளபளப்பும் ஏற்றினான்.

வெள்ளிக்கிழமை லூசியா அதைப் பார்த்ததும் அப்பா என்று அழுதேவிட்டாள். லூர்து மேரி சட்டென்று எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“இல்ல. சுத்தமா இல்ல.”

லூசியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனுக்குப் போன் போட வெளியே போனாள். ஆன்டனி உடைந்துவிட்டான். பாவம், கையெடுத்துக் கும்பிடாத குறை.

“எனக்கு வேலையே போயிடும்மா. எந்த எடத்துல அவுரு மாதிரி இல்லன்னு மட்டும் சொல்லுங்க.”

லூர்து மேரி வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“மூணு தபாவும் அச்சு அசலா அவுருதான் தம்பி. இந்த ஒரு வருஷமாத்தான் நிம்மதியா சோறு தின்னுக்கினு இருக்கேன். அந்தத் தட்டைப் படத்தையே குடுத்துடு, சரின்னு சொல்லிடறேன்.”